வாபஸ் வாங்காத பிரார்த்தனை

என் அக்காவின் கணவர் லிப்ட் மெக்கானிக். முப்பத்து நான்கு வருடமாக ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்கிவிட்டு, தான் மட்டும் படியில் ஏறிப் போகிறவர். ஏன் அத்தான் என்று கேட்டால், “உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்ல” என்பார். கிண்டல் செய்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்பது எனக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாள் முழுக்க அடுத்தவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். கடவுளோடு எனக்குப் பெரிய சண்டையும் இல்லை, பெரிய சிநேகமும் இல்லை. என் காலுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கிறது, அது போதும் என்று காலம் தள்ளுகிறேன். அப்படிப்பட்ட நான் ஒரு பக்திமானைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கோபம்தான். அத்தானுக்கு நம்பிக்கை போய்விட்டது, அதனால்தான் கூட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டார் என்று ஆளாளுக்குச் சொல்லித் திரிகிறார்கள். அது பச்சைப் பொய். நம்பிக்கை இருந்ததால்தான் அவரால் அங்கே உட்கார முடியாமல் போனது.

அந்தக் கூட்டத்துக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் என்பதால் வெளியில் இருக்கிற நாங்கள் ‘கூடம்’ என்றே சொல்லுவோம். பெயிண்ட் கடை ஒன்றுக்கு மேலே நீளமான அறை. வெள்ளைச் சுவர், மடக்கு நாற்காலிகள், ஒரு கடிகாரம். படமோ விளக்கோ கிடையாது. அறுபது எழுபது பேர் வருவார்கள், எல்லாரும் நேரத்துக்கு வருவார்கள்.

அத்தான் அங்கே போய்ச் சேர்ந்தது இருபத்து மூன்றாவது வயதில். லிப்ட்டின் கூரைமேல் நின்று வேலை செய்யும்போது கால் தவறிக் குழிக்குள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர் அவருடைய போர்மேன். மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோது சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு தரம் எட்டிப் பார்த்ததோடு சரி. போர்மேனும் அவர் சேர்ந்திருந்த கூடத்து ஆட்களும்தான் முறை வைத்துக்கொண்டு வந்து குளிப்பாட்டினார்கள், சோறு ஊட்டினார்கள். எழுந்து நடந்ததும் அவர் நேராகப் போனது கூடத்துக்கு. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. விழுந்தவனை யார் தூக்கிவிடுகிறார்களோ அவர்கள் வாசலுக்குத்தான் கால் போகும்.

என் அக்காவைப் பெண் கேட்டு வந்தபோது, குடிக்காத, சிகரெட் பிடிக்காத மாப்பிள்ளை என்று அம்மா பூரித்துப்போனாள். எங்களோடு சேர்ந்து கும்பிடாத மாப்பிள்ளை என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் உறைத்தது. கொஞ்ச நாளில் அக்காவும் கூடத்துப் பெண்ணாகிவிட்டாள்.

அவர்களிடம் சாம்பல் நிற அட்டை போட்ட புத்தகம் ஒன்று உண்டு. அதில் நூற்றுப் பன்னிரண்டு பிரார்த்தனைகள். பயணத்துக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, வேலைக்குக் கிளம்பும்போது ஒன்று. அதில் இல்லாத வார்த்தையில் கடவுளிடம் பேசக்கூடாது, சொந்த வார்த்தை அகம்பாவம். அதைவிட முக்கியம், கூடத்துக்கு வெளியே இருக்கிற யாருக்காகவும் எதுவும் கேட்கக்கூடாது. வெளியாளுக்கு ரத்தம் கொடுக்கலாம், வீடு மாற்ற ஒத்தாசை செய்யலாம். பிரார்த்தனை மட்டும் கூடாது. எங்கள் அப்பா இறந்தபோது கூடத்திலிருந்து ஆறு பேர் வந்து எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்கள். நாங்கள் கும்பிட நின்ற ஐந்து நிமிடம் மட்டும் தெருவில் போய் நின்றுகொண்டார்கள்.

வாய் தவறிக் கேட்டுவிட்டால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வாராவாரம் கூடும்போது எழுந்து நின்று, “நான் கேட்டது என் வாயின் பிழை. அதைத் திரும்பப் பெறுகிறேன்” என்று சொல்ல வேண்டும். மொத்தக் கூடமும் ஒரே குரலில், “அது கேட்கப்படவில்லை” என்று சொல்லும். அவ்வளவுதான். அப்புறம் முதுகில் தட்டிக்கொடுத்து டீ குடிப்பார்கள். முதல் தடவை இதைக் கேள்விப்பட்டபோது நான் சிரித்துவிட்டேன்.

“ஏன் அத்தான், ஆபீஸ்ல குடுத்த மனுவையா வாபஸ் வாங்கறீங்க?”

“தப்பான கவுன்டர்ல குடுத்துட்டா வாங்கித்தானே ஆகணும் மச்சான்” என்றார். அவரே இரண்டு முறை அப்படி எழுந்து நின்றவர். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பரீட்சைக்காக ஒரு முறை, ஒரு வாட்ச்மேனின் கண் ஆபரேஷனுக்காக ஒரு முறை, புத்தகத்து வரிக்குள் வெளியாளின் பெயரைச் செருகிவிட்டாராம்.

நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஐந்து மாடி மருத்துவமனை ஒன்றில் அத்தான் மாதாந்திரப் பராமரிப்புக்குப் போயிருந்தார். ஒரு லிப்ட்டை அவர் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒரு ஆள்.

அவர் தொழிலில் ஒரு விதி உண்டு. முதலில் ஆளிடம் பேசு, அப்புறம் மெஷினைத் தொடு. அத்தான் மூன்றாவது மாடிக்கு ஓடி, சாவி போட்டு வெளிக்கதவைத் திறந்தார். உள்கதவை அந்த ஆளே நெம்பித் திறந்து வைத்திருந்தார். தரையை ஒட்டி ஒரு முழ உயரத்துக்கு இடைவெளி. அதில் ஒரு தலையும் இரண்டு கைகளும் தெரிந்தன. சீருடை போட்ட தபால்காரர், தோளில் தொங்கிய பையைக்கூடக் கழற்றவில்லை. காலையில் அவர் மனைவி சமையலறையில் சுருண்டு விழுந்திருக்கிறார், தலைக்குள் ரத்தக் கசிவு. சீக்கிரம் வாருங்கள் என்று மருத்துவமனையிலிருந்து போன் வந்து, பாதித் தெருவுக்குக் கடிதம் போடாமலே ஓடி வந்திருக்கிறார்.

“அதோ அந்தக் கதவுதான் சார்” என்றார் தபால்காரர். அவர் கண் மட்டத்தில் வராந்தாவின் தரை நீண்டு கிடந்தது. அதன் கடைசியில், இருபது அடி தூரத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு. “கதவு தெரியுது சார். நான் ஏறி வந்துடறேன்.”

“வராதீங்க. பாதி உடம்பு வெளிய இருக்கும்போது லிப்ட் நகந்துச்சுன்னா...” அத்தான் மீதியைச் சொல்லவில்லை. அப்படிப் போன ஒருவரை அவர் பார்த்திருக்கிறார்.

லிப்ட்டைக் கையால் சுற்றித் தளத்துக்குக் கொண்டுவர இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிரேக்கைப் பிடித்துத் தளர்த்த, இன்னொருவர் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். போர்மேன் வேறு கட்டடத்தில் இருந்தார், வந்து சேர இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார். அதுவரை அந்த ஆளை உள்ளேயே நிறுத்தி வைக்க வேண்டும். அத்தான் தரையில் குப்புறப் படுத்து இடைவெளிக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். தபால்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க கடவுள கும்பிடுவீங்களா சார்?”

“கும்பிடுவேன்.”

“அப்ப எனக்காக ஒரு வார்த்தை கேளுங்க. எனக்கு வாயே வரல.”

புத்தகத்தில் லிப்ட்டுக்குப் பிரார்த்தனை இல்லை. இருந்திருந்தாலும் அந்த ஆள் வெளியாள். அத்தான் அப்போது என்ன யோசித்தார் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். “ஒண்ணும் யோசிக்கல மச்சான், அந்தாளு கை சில்லுனு இருந்துச்சு” என்பதுதான் பதில். இருபத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, புத்தகத்தில் இல்லாத வார்த்தையில், சத்தமாக அவர் கேட்டார்.

“ஆண்டவனே, இவரு இங்க மாட்டிக்கிட்டாரு. அந்தம்மா அங்க இருக்காங்க. நடுவுல இருபது அடிதான். இவரு போய்ச் சேர்ற வரைக்கும் அந்தம்மாவ எங்கயும் அனுப்பாத. போய்ச் சேர்ந்த அப்புறமும் அனுப்பாத. வீட்டுக்கு அனுப்பு.”

போர்மேன் வந்தார், சக்கரத்தைச் சுற்றினார்கள், கதவு திறந்தது. தபால்காரர் ஓடினார். மனைவிக்கு நினைவு இல்லை, ஆனால் உயிர் இருந்தது.

அந்த வாரக் கூட்டத்தில் அத்தான் எழுந்து நின்றார். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யாரும் பார்க்கவில்லை, யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். இந்த மனிதர் சந்தோஷச் செய்தி மாதிரி அதைச் சொல்லியிருக்கிறார். அந்தம்மா இன்னும் உயிரோடு இருக்கிறார், நேற்றுகூடப் போய்ப் பார்த்தேன் என்றாராம். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அவர் திரும்பப் பெறும் வார்த்தையைச் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். அவர் வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை.

கூடத்துக்குத் தலைவர் ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கெட்டவர் இல்லை, கோபமே வராத மனிதர். எனக்குக் கோபமே வராதவர்களைக் கண்டால்தான் பயம்.

“சொல்லிடுங்க தம்பி, டீ ஆறுது” என்றார் வாத்தியார்.

“ஐயா, அந்தம்மா இன்னும் ஆஸ்பத்திரியில இருக்காங்க. அவங்க வீட்டுக்குப் போனதும் சொல்லிடறேனே.”

சிலர் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்காமல், படிப்படியாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். “புத்தகத்துக்கு வெளிய சொன்ன வேண்டுதலுக்குச் சக்தி கிடையாது. சக்தி இல்லாதத திரும்ப வாங்கினா அந்தம்மாவுக்கு எந்தக் குறையும் வராது. அப்புறம் என்ன பயம்?”

“சக்தி இல்லன்னா வாபஸ் எதுக்குங்க ஐயா? சக்தி இருந்தா வாபஸ் எப்படிங்க வாங்கறது?”

இதை அத்தான் எதிர்த்துப் பேச வேண்டும் என்று கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவருக்குப் பிரார்த்தனை என்பது வாய்ப் பேச்சு இல்லை, வேலை செய்கிற ஒன்று. கயிறு லிப்ட்டைத் தாங்குவதுபோல் அது ஒரு உயிரைத் தாங்குகிறது என்று அந்தக் கூடம்தான் அவருக்கு இருபத்தொன்பது வருடம் சொல்லிக்கொடுத்தது. ஆள் உள்ளே இருக்கும்போது கயிற்றை அறுக்கச் சொன்னால் ஒரு மெக்கானிக் என்ன செய்வான்?

ஐந்து வாரம் தவணை கொடுத்தார்கள். அதுவரை அவரை ஒதுக்கி வைப்பது என்று முடிவாயிற்று. கூடத்து ஆட்கள் யாரும் அவரோடு பேசக்கூடாது, சேர்ந்து சாப்பிடக்கூடாது. கூடத்து ஆட்களில் என் அக்காவும் ஒருத்தி. வாத்தியாரின் உறவுப் பையனுக்கு முந்தின வருடம்தான் வாழ்க்கைப்பட்ட அக்கா மகளும் ஒருத்தி. வேண்டுதலை விட்டுக்கொடுக்காவிட்டால் வீட்டையும் பெண்ணையும் இழக்க வேண்டும் என்பது அத்தானுக்கு நன்றாகவே தெரியும்.

மகள் போன் செய்வாள், அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவாள். அக்கா அவர் தட்டை மேஜையில் வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து சாப்பிடுவாள். ஒரே வீட்டில் இரண்டு பந்தி. எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராக அடுப்படிக்கே போய்க் கேட்டேன்.

“உனக்கு மனசாட்சி இருக்கா அக்கா?”

“சத்தம் போடாத” என்றாள். தட்டைப் பார்த்துக்கொண்டே, “மூணாவது மாடியில எப்படி இருக்காங்களாம்? கேட்டுச் சொல்றியா?” என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்றிலிருந்து அதுவே எனக்கு வேலையாகிவிட்டது. வகுப்பு முடிந்து வரும் வழியில் நான் உள்ளே நுழைவேன். அத்தான் மேஜையிலிருந்து, “இன்னிக்கு விரல் அசைஞ்சுச்சாம்” என்பார். நான் பத்தடி நடந்து போய், “விரல் அசைஞ்சுச்சாம்” என்பேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்பாள். காது இருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் நான் போஸ்ட்மேன் வேலை பார்த்தேன்.

வேலையிடத்தில் இன்னும் மோசம். போர்மேனும் அத்தானும் ஜோடியாக வேலை செய்கிறவர்கள். ஒருவர் லிப்ட்டின் கூரைமேல் நிற்பார், மற்றவர் மேலே மெஷின் ரூமில் இருப்பார். குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு வார்த்தை தவறினால் உயிர் போய்விடும். பேசக்கூடாது என்றதும் போர்மேன் ஸ்பேனரால் இரும்புத் தண்டவாளத்தில் தட்ட ஆரம்பித்தார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் மேலே, மூன்று என்றால் கீழே. ஒருநாள் நான்கு தட்டு கேட்டதாம். அத்தானுக்குப் புரியாமல் வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தால் ஒரு மணி. சாப்பிடப் போ என்கிறார் மனிதர். எனக்கு இதைச் சொல்லும்போது அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தினமும் சாப்பாட்டு நேரத்தில் அத்தான் மருத்துவமனைக்குப் போய் வராந்தாவின் பெஞ்சில் தபால்காரரோடு உட்கார்ந்திருப்பார். அந்த மனிதர் எந்தத் தெருவில் எந்த நாய் கடிக்கும், யார் வீட்டுக்குப் பத்து வருடமாக ஒரு கடிதம்கூட வரவில்லை என்றெல்லாம் பேசிக்கொண்டிருப்பார். நடுவில் நிறுத்தி, “நீங்க கேட்டீங்கல்ல சார், அதான் தாங்குது” என்பார். அதற்காகவே அத்தான் வீட்டுக்கு வந்தபின் தனியாக உட்கார்ந்து மறுபடியும் கேட்கப் பார்ப்பார். புத்தகத்து வரிகள்தான் வாயில் வந்து விழும். சொந்த வார்த்தை அன்றைக்கு அந்தத் தரையில் வந்ததோடு சரி.

முப்பத்தோராவது நாள் அந்தம்மா இறந்துவிட்டார்.

அத்தான் போனபோது தபால்காரர் அதே பெஞ்சில் இருந்தார். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். தபால்காரர், “கேட்டீங்களே சார்” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அத்தான் என்னிடம் சொன்னார். உடலை எடுத்துச் செல்ல வண்டி வரும்வரை கூட இருந்துவிட்டு, படியில் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தார்.

மூன்று நாள் கழித்து நடந்ததைத்தான் இனி சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன் அதன் பிறகான நான்கு வருடத்தைச் சொல்லிவிடுகிறேன், கடைசியில் அதற்கு இடம் இருக்காது.

அத்தான் இரண்டு மாதம் கடவுளோடு பேசவில்லை. “எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்ல மச்சான்” என்று, ஏதோ சொந்தக்காரரோடு மனஸ்தாபம் மாதிரி சொல்வார். ஒருநாள் மெஷின் ரூமில் மோட்டார் ஓடுகிற இரைச்சலில், “நீ என்னதான் நெனச்சுக்கிட்டு இருக்க?” என்று கத்திவிட்டாராம். அதிலிருந்துதான் மறுபடி ஆரம்பம். இப்போது தினமும் பேசுகிறார். யார் யாருக்காகவோ கேட்கிறார். சில நாள் சண்டை போடுகிறார். பதில் வருகிறதா என்று கேட்டேன். “வருதுன்னு சொல்ல முடியல. அந்தப் பக்கம் ஆள் இல்லன்னும் தோணல. போனை வைக்காம இருக்கேன், அவ்வளவுதான்” என்றார். முன்பு நூற்றுப் பன்னிரண்டு விஷயம் நிச்சயமாகத் தெரிந்த மனிதர். இப்போது ஒன்றே ஒன்றுதான், அதுவும் சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. மகள் இன்னும் வரவில்லை. பேரனை அவர் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். அது எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், நானும் அங்கே இருந்தேன். போர்மேன் வந்தார். முப்பது நாளுக்கு மேல் பேசாதவர், உள்ளே வந்து மேஜையில் உட்கார்ந்து, வாய் திறந்து பேசினார். அதற்கு அனுமதி வாங்கிக்கொண்டுதான் வந்திருப்பார்.

“தம்பி, அந்தம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. இனிமே நீ வாபஸ் வாங்கினா யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காரு. எல்லாம் பழையபடி ஆயிடும். பொண்ணும் பேசும்.”

தோளில் தூக்கி வந்தவர் அல்லவா, இரண்டாவது முறை தூக்கப் பார்த்தார். எனக்கே, சொல்லித் தொலையுங்களேன் அத்தான் என்று இருந்தது. யாருக்கு நஷ்டம்?

அத்தான் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அண்ணே, நான் கேட்டேன். அவன் குடுக்கல. அத நான் அவன்கிட்ட பேசிக்கறேன். ஆனா கேக்கவே இல்லன்னு எப்படிண்ணே சொல்றது? அப்படிச் சொன்னா அன்னிக்கு அந்தாளு லிப்ட்டுக்குள்ள தனியா இருந்தான்னு ஆயிடும். அவன் தனியா இல்ல. நான் கையப் பிடிச்சிக்கிட்டு இருந்தேன்.”

போர்மேன் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். கையில் இருந்த டீயை அவர் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை.

“நானும் ஒரு தடவ வாபஸ் வாங்கியிருக்கேண்ணே. ஞாபகம் இருக்கா?”

போர்மேன் யோசித்துப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் இல்லை.

“இருபது வருஷம் ஆச்சு. இவன் பைக்ல போய் விழுந்து நினைவில்லாம கெடந்தான்ல” என்று என்னைக் காட்டினாள். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. லாரியில் மோதி, பதினோரு நாள் உலகமே தெரியாமல் கிடந்தேன். “ஆறாவது நாள் எங்க அம்மா பக்கத்துல உக்காந்து, புத்தகம் இல்லாம, என் தம்பி கண்ணத் தொறக்கணும்னு கேட்டேன். மறுநாள் கூடம். கைல புள்ளைய வச்சிக்கிட்டு எந்திரிச்சு நின்னு வாபஸ் வாங்கினேன். அது கேட்கப்படவில்லைன்னு எல்லாரும் சொன்னீங்க. நீங்களும் சொன்னீங்க. இவரும் சொன்னாரு.”

அத்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அப்புறம் டீ குடிச்சோம். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனா இவன் அப்படியே கெடக்கான். நான் இவன் கையக்கூடத் தொடல. தொடறதுக்கு எனக்கு என்ன உரிமை இருக்குன்னு தோணுச்சு. பதினோராவது நாள் கண்ணத் தொறந்தான். எங்க அம்மா அழுதா, எல்லாரும் அழுதாங்க. எனக்கு அழுகை வரல. நான் கேக்கவே இல்லையேண்ணே. இவன் பொழச்சதுல எனக்குப் பங்கே இல்லையே.”

போர்மேன் எழுந்தார். “வர்றேம்மா” என்றார். டீயைத் தொடவில்லை, மெல்ல நடந்து போனார்.

எனக்குக் கோபம் வந்தது. வாத்தியார்மீது வந்தது, அன்று டீ குடித்த அத்தனை பேர்மீதும் வந்தது, தலை குனிந்து உட்கார்ந்திருந்த அத்தான்மீதும் வந்தது. இருபது வருடம் இந்த வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, கிண்டலடித்துவிட்டுப் போன என்மீது எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது. அக்காமீது மட்டும் வரவில்லை. அழ வேண்டும்போல் இருந்தது, அழுதேன்.

அக்கா நாற்காலியை இழுத்து எங்களோடு மேஜையில் உட்கார்ந்தாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது அவள் அங்கே உட்கார்ந்து.

“இப்ப கேக்கட்டுமாடா?” என்றாள் என்னிடம்.

“என்ன கேக்கப்போற? சுகர் கொறையணும்னா?”

“அன்னிக்குக் கேட்டத.”

“அக்கா, நான் பொழச்சு இருபது வருஷம் ஆச்சு.”

“தெரியும். கையக் குடு. குறுக்க பேசாத.”

என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். அத்தான் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி அதன்மேல் தன் கையை வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஆண்டவனே, என் தம்பி ஆஸ்பத்திரியில கெடக்கான். பேச்சு மூச்சு இல்ல. எங்க அம்மா ஆறு நாளா சரியாச் சாப்பிடல. சின்னப் பையன், இன்னும் ஒண்ணும் பாக்கல. அவன் கண்ணத் தொறக்கணும். என்னை அக்கான்னு கூப்பிடணும்...”

ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் கேட்டுக்கொண்டே போனாள். நாற்பத்து நான்கு வயதில், தொப்பையும் சர்க்கரையுமாக, நான் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தேன். அவள் கேட்டு முடிக்கும்வரை அசையவில்லை.